செஞ்சிக் கோட்டைப் புல்தரையில் சொட்டையும் பாசியும்: காரணமும் சீராக்கமும்

1. ஆய்வுப் பொருள்

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைத்து ஓடும் மதில்களையும் கொண்டது செஞ்சிக் கோட்டை. இராசகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயங்கள், களஞ்சியம், யானைக்குளம் முதலியவை அமைந்த கீழ்க்கோட்டைப் பகுதியில் புல்தரை பேணப்படுகிறது. நினைவுச் சின்னங்களைச் சூழப் புல்தரை அமைக்கும் வழக்கம் இந்தியாவில் கர்சன் பிரபு ஆட்சி செய்த 1899–1905 காலத்தில் உறுதிப்பட்டது. 1902இல் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற ஜான் மார்ஷல், 1923இல் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டில் தோட்டங்களுக்கும் இடம் தந்தார். இன்றும் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறைக்குத் தனியே ஒரு தோட்டக்கலைப் பிரிவு உண்டு.

கருங்கற் குன்றுகளுக்கு நடுவே, ஆண்டில் ஐந்தாறு மாதம் காய்ந்து கிடக்கும் நிலத்தில், பச்சைப் புல்விரிப்பு இயல்பானதா என்ற கேள்வி நியாயமானது. நாயக்கர் காலத்திலோ, 1677இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றிய காலத்திலோ இவ்விடம் புல்தரையாக இருந்தது என்று கொள்ள இடமில்லை. ஆயினும் புல்தரையை நீக்கிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. புல் தூசியை அடக்குகிறது. மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. மண்ணுக்கடியில் புதைந்துள்ள கட்டடச் சுவடுகள் அரிப்பில் வெளிப்பட்டுச் சிதையாமல் காக்கிறது. இக்காவல் பணிக்காகவே கோட்டையில் புல்தரை வேண்டும் என்கிறோம். அழகு அதற்கு அடுத்தது.

இத்தகைய தரைகளில் ஆண்டுதோறும் இரண்டு குறைகள் எழுகின்றன. பங்குனி, சித்திரையில் ஆங்காங்கே சொட்டை விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அதே தரையில் பாசி பிடிக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகக் கருதி, ஒன்றுக்குத் தண்ணீரும் மற்றொன்றுக்கு மருந்தும் இடுவதே பெரும்பாலும் நடைமுறை. இரண்டும் ஒரே நிலக்குறையின் இரு பருவத் தோற்றங்கள் என்பதும், குறையின் காரணம் அறியாமல் செய்யப்படும் எந்தச் சீராக்கமும் நிலைக்காது என்பதும், கோட்டை போன்ற தொல்லிடத்தில் சில சொட்டைகள் சீராக்கத்துக்கு முன்னர் படித்தறியப்பட வேண்டிய ஆவணங்கள் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. வரையறைகள்

புல்தரை என்பது, படர்ந்து பரவும் புல்லினம் ஒன்று தொடர்ச்சியான பாயாக மண்ணை மூடி, வெட்டுதலாலும் மிதித்தலாலும் அழியாமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலப்பரப்பு. நம் பகுதியில் அந்தப் புல்லினம் பெரும்பாலும் அறுகு. தாவரவியலார் வழங்கும் பெயர் சைனோடான் டாக்டிலான். அறுகு தரைக்கு மேல் ஓடும் கொடித்தண்டாலும், தரைக்குள் ஓடும் கிழங்குத்தண்டாலும் பரவுகிறது. இவற்றுள் இரண்டாவதை நாம் ‘அடியோடி’ என்று குறிப்போம். அறுகின் உயிர் அடியோடியில் இருக்கிறது.

சொட்டை என்பது, உள்ளங்கை அளவுக்குக் குறையாத பரப்பில், வளர்பருவம் ஒன்று முழுதும் கழிந்த பின்னும் புல் மூடாத இடம். ‘வளர்பருவம்’ என்ற அடை இன்றியமையாதது. கோடையில் அறுகு மேலே வைக்கோல் நிறமாகிவிடும், அடியோடி உயிரோடிருக்கும். இந்நிலையை ‘உறக்கப் பழுப்பு’ என்போம். பெருவிரல் ஆழம் தோண்டி, அடியோடியை நகத்தால் கீறினால் உள்ளே வெண்மையும் உறுதியும் இருப்பின் அது உறக்கம். பழுத்து நொய்ந்து பொடியாயின் அது சொட்டை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமையால், உயிருள்ள புல்லைக் கொத்திப் போட்டுப் புதுப்புல் நடும் வீண்செலவு பல தோட்டங்களில் நடக்கிறது.

பாசி என்று பேச்சு வழக்கில் ஒன்றாகச் சொல்லப்படுபவை, உயிரியல் நோக்கில் மூன்று கூட்டங்கள். முதலாவது ‘வழுக்குப் பாசி’: நீலப்பசும் நுண்ணுயிர்கள் மண்மேல் படர்ந்து உண்டாக்கும் கூழ்ப்படலம். நாஸ்டாக் கம்யூனே இதில் நாம் எளிதில் காணக்கூடியது. நனைந்தபோது பச்சைக் கூழ்த்தகடாகப் பொங்கும், உலர்ந்தபோது கருந்தாள் போல் சுருங்கும். இரண்டாவது ‘ஈரல் தழை’: ரிக்சியா முதலியவை, மண்ணோடு ஒட்டிக் கவடுகவடாகப் பிரியும் சிறு பச்சைத் தட்டுகள். மூன்றாவது ‘மெத்தைப் பாசி’: நுண்ணிய தண்டும் இலையும் உடைய, ஆனால் உண்மையான வேரும் நீர்க்குழாயும் இல்லாத தாவரங்கள். சமவெளிக் கற்களிலும் சுவரடிகளிலும் பரவலாக உள்ள ஹயோஃபிலா இன்வொல்யூட்டா இவ்வினத்தது. உலரும்போது அதன் இலைகள் உட்சுருண்டுகொள்ளும். மேலைக் குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் புல்தரைப் பாசி என்று பேசுவது பெரும்பாலும் இம்மூன்றாவதையே. செஞ்சி போன்ற வெப்பநிலத்தில் முதலாவதே மிகுதி. ஆகவே அந்நூல்களின் பரிகாரங்களை அப்படியே இங்கே கொண்டுவருவது பொருந்தாது.

3. நீரும் நிழலும்

செஞ்சி வட அகலாங்கு ஏறத்தாழ 12¼ பாகையில் உள்ளது. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில், வந்துவிடுகிறது. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பாசி ஏன் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட மாதத்தில் வருகிறது என்பது விளங்கும்.

ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நண்பகலில் கதிரவன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறான். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகற் கதிரவன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், சுவரின் நிழல் தென்புறம் விழும். அதுவும் மிகக் குறுகியது. ஜூன் 21இல் 6 மீட்டர் உயரச் சுவரின் நண்பகல் நிழல் 1.2 மீட்டரே. ஆகஸ்டுக்குப் பின் நிழல் வடபுறம் திரும்பி நீளத் தொடங்குகிறது. டிசம்பர் 21இல் அதே சுவர் வடக்கே 4.3 மீட்டர் வரை நண்பகலிலும் நிழல் வீழ்த்தும். 20 மீட்டர் உயரமுள்ள கட்டடமாயின் 14 மீட்டருக்கு மேல். அதாவது, மதிலின் வட அடிவாரம் எந்த மாதங்களில் வெயிலை இழக்கிறதோ அதே மாதங்களில்தான் மழையையும் பெறுகிறது. அறுகு வெயில் விரும்பி; நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலேனும் இன்றேல் அது நலிந்து, கொடி நீண்டு, கணுவிடை விரிந்து, பாய் கலைந்துவிடும். கலைந்த இடத்தில் ஈரமும் நிழலும் சேர்ந்து பாசிக்கு இடம் தருகின்றன.

இரண்டாவது, குன்றிலிருந்து இறங்கும் நீர். மண்ணற்ற கருங்கற் சரிவு மழையைக் குடிப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் பாறையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் சரிவில் 50 மில்லிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 5000 லிட்டர் அடிவாரத்துக்கு வந்து சேரும். கோட்டையைக் கட்டியவர்கள் இந்நீரின் அளவை நன்கு அறிந்திருந்தனர். சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம் ஆகியவையும், மலைமேற் சுனைகளும், சுட்டமண் குழாய்களும் அந்த அறிவின் சான்றுகள். பழைய நீர்வழிகள் தூர்ந்துபோன இடங்களில் அந்நீர் புல்தரைமேல் தேங்கி நிற்கும். அத்தகைய இடத்தில் புல்தரைக் குறைக்குப் பரிகாரம் புல்லில் இல்லை. தூர்ந்த வாய்க்காலில் இருக்கிறது.

4. சொட்டையின் வகைகள்

சொட்டைகளை அவற்றின் அளவைக் கொண்டு வகுப்பது பயனற்றது. வடிவத்தைக் கொண்டு வகுத்தால் காரணம் பெரும்பாலும் தானே புலப்படும்.

4.1 தடச்சொட்டை. நீளமாக, ஓரடி முதல் மூன்றடி அகலத்தில், இரண்டு இடங்களை இணைத்துக் கிடப்பது. மிதியால் வருவது. மிதி இலையைக் கொல்வதைவிட மண்ணை இறுக்குவதே பெருங்கேடு. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்க, வேருக்கு உயிர்வளியும் நீரும் எட்டுவதில்லை. மணற்பாங்கான மண் ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிராம் அளவுக்கும், களிமண் ஏறத்தாழ 1.5 கிராம் அளவுக்கும் இறுகிவிட்டால் வேர் அதைத் துளைக்க இயலாது. தடச்சொட்டை மக்கள் எந்த வழியில் நடக்க விரும்புகிறார்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் வரைபடம். அதை மறித்து வேலி போடுவதைவிட, அந்த வழியையே நடைபாதையாக ஏற்பது நலம்.

4.2 நிழற்சொட்டை. சுவர், மரம் ஆகியவற்றின் அடியில் அவற்றின் நிழல் வடிவிலேயே அமைவது. புளிய மரத்தடியில் புல் ஏறாது என்பது ஊரார் அறிந்த செய்தி; அடர்நிழலும், மேல்மண்ணில் பரவிய வேர்களின் நீர்ப்போட்டியும் அதற்குக் காரணங்கள். சுவரடிச் சொட்டை வடபுறமாயின் நிழலாலும், தென்புறமாயின் பெரும்பாலும் கல்லிலிருந்து திரும்பி வீசும் வெப்பத்தாலும் வருகிறது.

4.3 நீர்ச்சொட்டை. விசிறி வடிவமாயின் ஓடும் நீரின் அரிப்பு. தாம்பாள வடிவமாயின் தேங்கும் நீரின் மூச்சுத்திணறல். முன்னதில் பரல் வெளித்தெரியும். பின்னதில் மண்மேல் மெல்லிய களியேடு படிந்து, காய்ந்தபின் ஓடுஓடாகப் பெயரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சோடியம் மிகுந்திருந்தால், தேங்காத இடத்திலும் இதே ஏடு உண்டாகும். சோடியம் மண்கட்டியைச் சிதைத்துக் களித்துகளைப் பிரித்துவிடுவதே காரணம்.

4.4 உயிர்ச்சொட்டை. வட்டமாகவோ ஒழுங்கின்றியோ அமைவது. வேர்ப்புழு தின்ற இடத்தில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் சுருள்வதுபோல் தரையிலிருந்து பெயர்ந்துவரும். கரையான் இருப்பின் உலர்சருகின்மேல் மண்கூடு தெரியும். நாயின் சிறுநீர் விழுந்த இடம் நடுவில் கருகியும் சுற்றிலும் கரும்பச்சையாகவும் இருக்கும். மழைக்குப் பின் காளான் வளையமாக முளைத்து, வளையத்தின் ஓரத்தில் புல் கருகுவதும் உண்டு. புல்தரையில் முளைக்கும் பெரிய வெண்குடைக் காளான்களுள், அடிமடல் பின்னர் பச்சையாக மாறும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் நச்சுடையது. உண்ணும் காளான் என்று பறித்துவிடக் கூடாது.

4.5 உலர்தடம். கோட்டைக்கே சிறப்பாக உரிய வகை இது. ஆகவே இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

மண்ணுக்கடியில் கற்சுவரின் அடித்தளமோ, செங்கல் தளமோ, சுண்ணாம்புத் தரையோ புதைந்திருந்தால், அதன்மேலுள்ள மண்ணின் ஆழம் குறைவு. குறைந்த மண் குறைந்த நீரையே தேக்கும். மழைக்காலத்தில் இவ்வேற்றுமை தெரியாது. எங்கும் ஒரே பச்சை. மாசி கழிந்து ஈரம் வற்றத் தொடங்கும்போது, புதைசுவர் மேலுள்ள புல் மற்றப் புல்லுக்கு முன்னரே பழுத்து, நேர்க்கோடாகவோ செங்கோணமாகவோ தோன்றும். இதற்கு மாறாக, பழைய குழியோ வாய்க்காலோ பின்னர் மண் நிரம்பி மூடியிருந்தால், அங்கே மண் ஆழம் மிகுதி. புல் பிறவற்றைவிட நீண்ட நாள் பசுமையாக நிற்கும். முன்னதை உலர்தடம் என்றும், பின்னதைப் பசுந்தடம் என்றும் குறிப்போம். உலர்தடம் ஆண்டுதோறும் திரும்பி, மேல்மண் மிக மெலிதாயின், நாளடைவில் நிலையான சொட்டையாகிவிடும்.

இவ்வறிவு நூலளவில் நிற்பதன்று. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் பழங்காலத்தில் முழுவட்டமாக இருந்ததா என்பது நீண்டகாலக் கேள்வி. 2013ஆம் ஆண்டு வறண்ட கோடையில், அங்குள்ள புல்லுக்கு நீர்விட்ட குழாய் வட்டம் முழுவதையும் எட்டவில்லை. நீர் எட்டாத பகுதியில், இன்று கல் இல்லாத இடங்களில், புல் பழுத்து நின்றதைப் பணியாளர்கள் கண்டனர். அத்தடங்கள் இழந்த கற்கள் நின்றிருக்கக்கூடிய இடங்களோடு பொருந்தின. மறு ஆண்டு ஆய்விதழில் வெளியாயின. 2018இன் வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் அருகே, வயற்பயிரின் நிறவேற்றுமையைக் கொண்டே முன்பு அறியப்படாத ஒரு பெருவட்ட அமைப்பு வானிலிருந்து கண்டறியப்பட்டது. ஸ்டோன்ஹெஞ்சில் அந்தக் குழாய் இன்னும் சில மீட்டர் நீண்டிருந்தால் அச்சான்று அவ்வாண்டு தோன்றியிருக்காது என்பதைப் புல்தரை பேணுவோர் சிந்திக்க வேண்டும்.

செஞ்சியின் கீழ்க்கோட்டையை நோக்குவோம். விசயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானியர், மராட்டியர், 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என ஒருவர்பின் ஒருவராக இவ்விடத்தை ஆண்டனர். ஒவ்வொருவரும் கட்டினர், இடித்தனர், மாற்றியமைத்தனர். அரண்மனைப் பகுதியில் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட அடித்தளங்கள் கண்ணெதிரே உள்ளன. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் செஞ்சி வரலாற்றை விரிவாக எழுதியபோது ஏடுகளும் ஆவணங்களும் அவருக்குப் பெருந்துணை செய்தன. மண்ணுக்கடியில் எஞ்சியிருக்கும் சான்று வேறு வகையானது. கோடையில் பழுக்கும் புல் அதன்மேல் கோடு இழுத்துக் காட்டவல்லது. எனவே நேர்விளிம்புடைய எந்தச் சொட்டையும், அளந்து வரையப்படும் வரை, நோயாகக் கருதப்படலாகாது.

5. சொட்டையிலிருந்து பாசிக்கு: படிநிலைகள்

வெற்று மண் நெடுநாள் வெறுமையாக இருப்பதில்லை. மாறுதல் நான்கு படிகளில் நிகழ்கிறது.

முதற்படி ஏடாதல். மூடுபுல் இழந்த மண்மேல் மழைத்துளி நேரே விழுந்து, மண்கட்டியை உடைக்கிறது. நுண்துகள் காற்றறைகளை அடைத்து மேலேடாக இறுகுகிறது. நீர் உள்ளிறங்காமல் மேலே தங்குகிறது. இரண்டாம் படியில், அந்த ஈர ஏட்டின்மேல் நீலப்பசும் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவை சுரக்கும் பிசின் மண்துகள்களைக் கட்டுகிறது. நாஸ்டாக் போன்றவை காற்றின் நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கின்றன. மூன்றாம் படியில் ஈரல் தழையும் மெத்தைப் பாசியும் வருகின்றன. இவற்றுக்கு வேரில்லை, வேரிழைகள் பற்றிக்கொள்ள மட்டுமே. இலைப்பரப்பு முழுவதாலும் நீரைக் குடிப்பதாலும், உலர்ந்து மீளும் ஆற்றல் உடைமையாலும், வேர் நுழையா இறுகிய மண் அவற்றுக்குத் தடையாவதில்லை. கருவுறுதலுக்கு ஆண் அணு நீர்ப்படலத்தில் நீந்திச் செல்ல வேண்டியிருப்பதால் மட்டும் ஈரம் தங்கும் நாட்கள் வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அதைத் தருகின்றன. நான்காம் படியில், பாசி மெத்தையில் தங்கிய தூசியில் கோரை, செருப்படை, நெருஞ்சி முதலியவற்றின் விதைகள் முளைக்கின்றன.

இவ்வரிசையிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. பாசி புல்லை வென்று அதன் இடத்தைப் பிடிப்பதில்லை. புல் விட்டுச்சென்ற இடத்துக்குப் பின்னர் வருகிறது. உயிருள்ள அடர்ந்த அறுகுப் பாயில் பாசி ஏறியதாகக் காட்டுதல் அரிது. ஆகையால் பாசியை அழிப்பது காரியத்தை அழிப்பதாகுமேயன்றிக் காரணத்தை அழிப்பதாகாது. இரண்டாம் படியிலுள்ள பாசிப்படலம் அரிப்பிலிருந்து மண்ணைக் காப்பதும் உண்மை. மாற்றுப் புல் நடும் ஏற்பாடு இன்றி மழைக்கு முன் அதைச் சுரண்டி எடுப்பது மண்ணுக்குத் தீங்கு.

6. சோதனைகள்

காரணத்தை உறுதிசெய்யப் பொருட்செலவற்ற சில சோதனைகள் போதும். மழை பெய்த மறுநாள் மெல்லிய இரும்புக் கம்பியைக் கையழுத்தத்தால் இறக்கிப் பார்க்கலாம்: நல்ல புல் உள்ள இடத்தில் இறங்கும் ஆழத்துக்கும் சொட்டையில் இறங்கும் ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு இறுக்கத்தின் அளவு. பல இடங்களில் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில் கம்பி ‘டங்’கென்று கல்லில் முட்டினால் அங்கே நிறுத்திவிட வேண்டும், அது 4.5இன் வகை. அடியில்லாத தகர டப்பாவை இரண்டு விரற்கடை பதித்து நீர் ஊற்றி, உள்ளிறங்கும் நேரத்தை ஒப்பிடலாம். காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய வேளைகளில் நிழலின் விளிம்பைக் குச்சி நட்டுக் குறித்தால் வெயில் மணிக்கணக்கு கிடைக்கும். இதை மார்கழியில் செய்ய வேண்டும், வைகாசியில் செய்தால் தவறான விடையே வரும். மண்ணின் கார அமில நிலையையும் நீரின் உப்பையும் ஆய்வகமே சொல்ல இயலும். அருகில் திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது.

7. சீராக்கத்தின் ஒழுங்கு

சீராக்கத்தில் செய்ய வேண்டியவற்றைவிட அவற்றின் வரிசை முதன்மையானது. கால், நீர், வெயில், மண், புல் என்பதே அவ்வரிசை. முன்னதைத் தீர்க்காமல் பின்னதைத் தொடுவது வீண்.

முதலில் தடங்களை முடிவுசெய்ய வேண்டும். நடைவழியாக ஏற்கப்பட்ட தடத்தில் சரளையோ, தகடாக வைத்த கல்லோ இட்டுவிட்டால், மற்றப் பகுதி தானே ஓய்வு பெறும். அடுத்து, பங்குனி, சித்திரையில் நீர்வழிகளைத் தூர்வாரிச் சுவரடியில் நீர் நில்லாதபடி சாய்வு தர வேண்டும். பின்னர் மரக்கிளைகளில் தாழ்ந்தவற்றைக் கழிக்கலாம். மதிலைக் கழிக்க இயலாது. ஆகவே மதிலின் வடபுறத்தில் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைந்த வெயில் உள்ள பட்டையில் அறுகை வற்புறுத்தக் கூடாது. அங்கே நிழல் தாங்கும் அகன்ற இலைப் புல்வகைகளை வைக்கலாம். பஃபலோ புல் என்றும் கார்பெட் புல் என்றும் நாற்றங்கால்களில் கிடைப்பவை அவை.

மண் தளர்த்தும் வேலை ஆடி முதல் ஆவணி வரை உரியது. அக்காலத்து மாலை மழை நிலத்தை நனைக்கும். பகல் வெயில் புல்லை வளர்க்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் இறங்க ஆறு முதல் எட்டு வாரம் கிடைக்கும். புரட்டாசி இறுதியில் நட்ட புல் வேர் பிடிக்கும் முன் கனமழையில் கரைந்துபோகும். தளர்த்துதல் என்பது இங்கே கவைமுள்ளால் 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை குத்தித் துளையிடுவது மட்டுமே. ஏர் ஓட்டுதலோ கடப்பாரையோ இங்கே ஆகாது. இது பாதுகாக்கப்பட்ட இடம். 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்தின் கீழ்த் துறையின் இசைவின்றி இங்கே தோண்டுதல் கூடாது. துளைகளில் மட்கிய தொழுவுரமும் ஆற்றுமணலும் கலந்து தூவித் துடைப்பத்தால் இறக்கலாம். ஏரி வண்டலைத் தனியே இடும் வழக்கம் உண்டு; அது வளமுடையதே, ஆனால் களி மிகுந்திருந்தால் மறுபடியும் ஏடு கட்டும், கோரைக்கிழங்கையும் உடன் கொண்டுவரும். சலித்து, மணலோடு கலந்தே இட வேண்டும். சோடிய மண் என்று ஆய்வகம் சொன்னால் மட்டும் ஜிப்சம்.

நடவு இரு முறைகளில் அமையும். சிறு சொட்டைக்கு, கணுவுள்ள அறுகுத் துண்டுகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுதல். அகன்ற சொட்டைக்கு, 5 முதல் 7 சென்டிமீட்டராக நறுக்கிய அறுகைச் சாணத்தோடும் மண்ணோடும் குழைத்துத் தரையில் மெல்லப் பூசும் ‘புல்சாந்து’ முறை; நம் தோட்டக்காரர்கள் நன்கு அறிந்தது, கருவி வேண்டாதது, ஆழத் தோண்டல் வேண்டாதது. தொல்லிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்றே கருதுகிறோம்.

நட்டபின் முதல் மூன்று வாரம் நாள்தோறும் மெல்லிய நீர். பின்னர் இடைவெளி விட்டு ஆழமாக. வேர் பிடித்த தரைக்கு மழையில்லா வாரத்தில் ஒருமுறை 25 மில்லிமீட்டர் அளவு நீர், நாள்தோறும் சிறிதளவு நீர் தெளிப்பதைவிட நன்று. நாள்தெளிப்பு மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே நிறுத்திப் பாசிக்கும் உணவாகிறது. புல்லை 25 முதல் 40 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காதிருத்தல் முறை. ஒட்ட வெட்டுதல் சொட்டைக்குப் பெருவாயில். நிழற்பட்டைகளில் மழைக்காலத்துக்கு முன் வெட்டுயரத்தைக் கூட்டிவிட வேண்டும்.

8. விலக்கத்தக்கவை

பாசிக்கு அன்னபேதி இடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அது மெத்தைப் பாசியைச் சில நாட்களில் கருக்கிவிடும் என்பது மெய். ஆனால் அதன் இரும்புச்சத்து ஈரக்கல்லில் பட்டால் துருக்கறையாகப் படிந்து நீங்காது. கருங்கற் படிகளும் சுண்ணாம்புக் காரையும் நிறைந்த கோட்டையில் அதற்கு இடமில்லை. மயில்துத்தம் மண்ணில் செம்பைச் சேர்த்து, வழிந்து குளத்தை அடைந்தால் மீனைக் கொல்லும். கல்லுப்பும் பிளீச்சிங் பவுடரும் படிகளில் வழுக்கல் போக்கக் கொட்டப்படுகின்றன. அவற்றின் உப்பு கல்லின் நுண்துளைகளில் இறங்கி, காயும்போது படிகமாகி, மேற்பரப்பைப் பொரிபொரியாகப் பெயர்த்துவிடும். சுண்ணாம்பு அமில மண்ணுக்கு உரியது; அமிலமற்ற மண்ணில் அதனை இட்டால் இரும்புச்சத்து பூட்டப்பட்டு அறுகு வெளிறும்.

மக்கள் ஏறும் படிகளில் வழுக்குப் பாசி இருப்பின் அது உயிருக்கு இடர், நீக்கியாக வேண்டும். தேங்காய்நார்த் தேய்ப்பானும் நீரும் அதற்குப் போதும். கம்பித் தேய்ப்பான் கல்லைக் கீறி, அடுத்த பாசிக்குப் பிடிமானம் தரும்.

9. நிலத்தைப் பகுத்தல்

மேற்கூறியவற்றால், கீழ்க்கோட்டைப் புல்தரையை மூன்றாகப் பகுத்துப் பேண வேண்டும் என்கிறோம். வெயிலும் வடிகாலும் உள்ள திறந்தவெளி அறுகுக்கு. மதிலின் வட நிழற்பட்டை நிழற்புல்லுக்கு. அதுவும் நிலைக்காத இடத்தில் பாசிக்கே விட்டுவிடலாம், அங்கே நடப்பார் இல்லையாயின். மூன்றாவது, நேர்விளிம்புச் சொட்டைகள் உள்ள நிலம். அதில் மண் தளர்த்துவதும் சாந்து பூசுவதும், அளந்து வரைந்து முடிந்த பின்னரே.

2025 ஜூலை 11இல் பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. வருகையாளர் பெருகினால் மிதியும் நீர்ப்பாய்ச்சலும் பெருகும். இரண்டும் உலர்தடங்களை மறைக்கும் காரணிகள். ஆகவே கோட்டைத் தரையைப் பேணும் பொறுப்பினரிடம் நாம் வேண்டுவது இது: ஆண்டுதோறும் மாசி முதல் சித்திரைக்குள் இரண்டு வாரம், ஒரு பகுதியிலேனும் நீர்ப்பாய்ச்சலை நிறுத்துங்கள். அறுகு அதனால் இறக்காது, உறங்கும். அந்நாட்களில் மதில்மேலிருந்தும் இராசகிரிப் படிகளிலிருந்தும் கீழ்த்தரையைப் படம் எடுங்கள். நேர்க்கோடாகவோ மூலையாகவோ பழுத்த புல்லைக் கண்டால், நீர்க்குழாயைத் திறக்கும் முன் அளந்து குறித்துத் தொல்லியல் துறையின் ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள்.